நாற்பதாவது குண்டூசி

சேலையூரில் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு பலகை மாட்டியிருக்கும். மூன்றடிக்கு இரண்டடி. வெள்ளை பெயின்ட் அடித்த அந்தப் பலகையில் சிவப்பில் உருவங்கள் வரைந்திருக்கும்: ஒரு சுத்தியல், மூன்று ஸ்க்ரூ டிரைவர், ஒரு கட்டிங் பிளேயர், ஏழு ஸ்பேனர், ஓர் அரம், ஓர் இன்ச் டேப். ஒவ்வோர் உருவத்தின் மேலும் அந்தந்தச் சாமான் ஆணியில் தொங்கும். சுத்தியலை யாராவது எடுத்துப்போனால் அந்த இடத்தில் சிவப்புச் சுத்தியல் பளிச்சென்று தெரியும். ராத்திரி படுக்கப் போகுமுன் அப்பா அந்தப் பலகை முன்னால் ஒரு நிமிஷம் நிற்பார். சிவப்பு தெரிந்தால் வீட்டில் யாரும் தூங்க முடியாது.

ஐந்தாவது படிக்கும்போது ஒருநாள் கட்டிங் பிளேயரை நான் எடுத்துப்போய் எங்கோ வைத்துவிட்டேன். அம்மா டார்ச் பிடிக்க, அப்பா செம்பருத்திச் செடிக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தார். மணி பதினொன்றரை. நான் அழுதுகொண்டே கேட்டேன், "காலையில தேடக் கூடாதாப்பா?"

"காலையில அது வேற யாரோட காலத்துலயோ போயிடும் பாப்பா. இன்னைக்கு எடுத்தது இன்னைக்கே உள்ள வரணும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிளேயர் கிடைத்தது, கிணற்று மேடையில். அதைத் துடைத்து ஆணியில் மாட்டிய பிறகுதான் அவர் முகம் சாதாரணமானது. ரொம்ப வருஷம் வரைக்கும் இதை அப்பாவின் கண்டிப்பு என்றே நினைத்திருந்தேன். அவர் போன பிறகு, ஒரு பொம்மை விமானம் செய்ய உட்கார்ந்தபோதுதான் வேறு மாதிரி தெரிந்தது.

அப்பா மதுராந்தகம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர்க்காரர். ஏரிப் பாசனம், மூன்று ஏக்கர், ஆறு பிள்ளைகள். ஏரிக்கரையில் மாடு மேய்க்கும்போது தாம்பரத்துப் பயிற்சி விமானங்கள் தலைக்கு மேல் வந்து வட்டம் போட்டுத் திரும்புமாம். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களுக்கே கற்றுக்கொடுக்கிற விமானப்படைப் பள்ளி 1954-லிருந்து தாம்பரத்தில் இருக்கிறது. அந்த விமானங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் ஆசை வந்தது என்பார். பைலட் ஆகவேண்டும் என்ற ஆசையா என்று ஒருமுறை கேட்டேன். இல்லை என்றார். "அது உள்ள என்ன இருக்குன்னு பார்க்கணும்னு ஆசை."

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து 1967-ல் விமானப்படையில் ஏர்மேனாகச் சேர்ந்தார். தொழில்நுட்பப் பயிற்சி தாம்பரத்து மெக்கானிக்கல் டிரெய்னிங் இன்ஸ்டிட்யூட்டில். இன்ஜின் ஃபிட்டர் ஆனார். பல ஊர் சுற்றி 1974-ல் பீதருக்கு மாற்றலாகிப் போனார். நான் பிறந்ததும் அங்கேதான். கர்நாடகத்தின் வடக்கு முனையில், செம்மண்ணும் பாமினி சுல்தான்களின் கோட்டையும் இருக்கும் ஊர். கறுப்பு உலோகத்தில் வெள்ளிக் கம்பியைப் பதித்துச் செய்கிற பித்ரி வேலைக்குப் பேர்போனது. அந்தக் கறுப்பு ஏற்றுவதற்குக் கோட்டைக்குள்ளிருந்து எடுக்கும் மண்ணைத்தான் பயன்படுத்துவார்கள். அங்கே வாங்கிய ஒரு பித்ரி டப்பா இன்னும் வீட்டில் இருக்கிறது. அம்மா குங்குமத்துக்கு என்று வாங்கினாள். அப்பா அதில் ஸ்பிளிட் பின் போட்டு வைத்துக்கொண்டார். நட்டு கழலாமல் இருக்க, துளையில் சொருகி இரண்டு காலையும் விரித்துவிடுகிற சின்னக் கம்பி அது.

பீதரில் அவர் பார்த்துக்கொண்டது எச்.டி.2 விமானங்களை. இந்தப் பெயரை இன்று நிறையப் பேருக்குத் தெரியாது. இந்தியாவில் வடிவமைத்து, தொழிற்சாலையில் வரிசையாகத் தயாரித்த முதல் விமானம் அதுதான். வி.எம். காட்கே என்ற பொறியாளரின் தலைமையில் பெங்களூரில் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தில் உருவாகி, 1951 ஆகஸ்டில் முதல்முறை பறந்தது. இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்காரலாம். கீழ்ப்பக்கம் இறக்கை, மடங்காத சக்கரம், மூக்கில் 155 குதிரைத்திறன் சிரஸ் மேஜர் இன்ஜின். புதிதாகப் பறக்க வருகிற பிள்ளைகள் முதன்முதலில் கை வைக்கும் விமானம். எத்தனையோ போர் விமானிகள் பால் குடித்த தாய் என்று அப்பா சொல்வார்.

அந்த இன்ஜினைப் பற்றி அவர் சொன்னது எனக்கு மனப்பாடம். அதில் சிலிண்டர்கள் தலைகீழாகத் தொங்கும். ராத்திரி முழுக்க விமானம் சும்மா நின்றால் எண்ணெய் மெதுவாகக் கசிந்து கீழே சிலிண்டருக்குள் இறங்கித் தேங்கிவிடும். காற்றை அழுத்தலாம், எண்ணெயை அழுத்த முடியாது. அது தெரியாமல் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் போய் எண்ணெயில் முட்டி, உள்ளே இருக்கும் தண்டு வளைந்துவிடும். வளைந்தது வெளியே தெரியாது. ஓடும், மேலேகூடப் போகும், எப்போது உடையும் என்றுதான் தெரியாது. அதனால் விடியற்காலையில், ஸ்டார்ட் செய்யுமுன், ப்ரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது இயல்புக்கு மாறாக இறுகினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பா வலது உள்ளங்கையைக் காற்றில் வைத்து மெல்லக் கீழே இழுத்துக் காட்டுவார். கண் பாதி மூடியிருக்கும். ஏதோ நாடி பிடித்துப் பார்க்கிற வைத்தியரைப் போல இருக்கும்.

விமானப்படையில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு புத்தகம் உண்டு. ஃபார்ம் 700 என்பார்கள். யார் என்ன வேலை செய்தார்களோ அவரவர் அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாக் கையெழுத்தும் விழுந்த பிறகு பைலட் படித்துப் பார்த்து, தானும் கையெழுத்துப் போட்டு விமானத்தைத் தன் பொறுப்பில் வாங்கிக்கொள்வார். ஒரு ஸ்பேனர் கணக்கில் குறைந்தால் கையெழுத்து விழாது. அது கிடைக்கும்வரை விமானம் நகராது. படிக்கட்டுக்குக் கீழே இருந்த பலகை அங்கிருந்து வந்ததுதான்.

1987-ல் சார்ஜென்ட்டாக ஓய்வு பெற்று வந்தார். முன்னாள் ராணுவத்தினர் ஒதுக்கீட்டில் ஒரு வங்கியில் கிளார்க் வேலை கிடைத்தது. ஓய்வுபெறும் வயது வரைக்கும் அங்கே நோட்டு எண்ணினார். வீடு மட்டும் தாம்பரம் பக்கத்தில்தான் வேண்டும் என்று பிடிவாதமாகச் சேலையூரில் இடம் வாங்கினார். வாங்கியபோது பஸ் வசதி கிடையாது, தண்ணீர் வசதி கிடையாது. ஆனால் விமானப்படையின் கிரண் பயிற்சி விமானம் மொட்டைமாடிக்கு மேல் போகும்.

எங்கள் ஊஞ்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூடத்தில் உத்தரத்திலிருந்து தொங்கும் ஊஞ்சலின் நான்கு போல்ட்டுகளிலும் மெல்லிய கம்பியை இரண்டிழையாக முறுக்கிக் கட்டியிருப்பார். முறுக்கு ஒரே சீராக, ஜடை பின்னியதுபோல இருக்கும். போல்ட் கழன்று திரும்பப் பார்த்தால் கம்பி அதை இறுக்குகிற பக்கமே இழுக்கும்படி கட்ட வேண்டும் என்பது கணக்கு. விமான இன்ஜினில் அப்படித்தான் கட்டுவார்கள். என் சைக்கிள் பெடலுக்கு ஸ்பிளிட் பின் போட்டுக் காலை விரித்துவிட்டதும் அவர்தான். இதில் ஒன்றுகூட விமானப்படைச் சாமான் இல்லை. எல்லாம் புதுப்பேட்டையில் காசு கொடுத்து வாங்கியது. அங்கிருந்து ஓர் ஆணியைக்கூட அவர் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை என்பதை எழுதி வைக்க ஆசைப்படுகிறேன்.

மின்சார ரயிலில் பல்லாவரம் தாண்டும்போதெல்லாம் ஒரு கதை சொல்வார். 1910-லேயே இங்கே ஒருவர் விமானம் ஓட்டியிருக்கிறார். மவுன்ட் ரோட்டில் ஓட்டல் வைத்திருந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு வருஷம்கூட ஆகவில்லை. இவர் தானே வரைந்து, வண்டி செய்யும் சிம்சன் கம்பெனியில் கொடுத்து விமானம் கட்டிக்கொண்டார். கதையை முடிக்கும்போது அப்பா ஒவ்வொரு முறையும் ஒரே விஷயத்தைக் கேட்பார். "ஓட்டுனவரு பேரு இருக்கு. சிம்சன்ல அதைச் செஞ்ச தச்சன் பேரு எங்கயாவது இருக்கா பாப்பா?"

2003-ல் மெரினாவில் விமானப்படை சாகசம் நடந்தபோது எங்களை அழைத்துக்கொண்டு போனார். ஒன்பது கிரண் விமானங்கள் கைகோத்ததுபோல வந்தன. கூட்டம் முழுக்க ஆரவாரம். அப்பா கைதட்டவில்லை. விமானங்கள் கடல் பக்கம் போய் மறைந்த பிறகும் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்போ ரன்வே ஓரத்துல ஒம்பது பேரு வானத்தைப் பார்த்துக்கிட்டு நிப்பான். ஒம்பதும் எறங்குற வரைக்கும் ஒரு வாய் தண்ணி எறங்காது" என்றார்.

பயணியாக அவர் விமானத்தில் போனது மொத்தமே மூன்று தடவை. 2014-ல் ஒரு கல்யாணத்துக்காகக் கோயம்புத்தூர் போனோம். ஜன்னலோரம் அவர், நடுவில் நான். வண்டி விமானத்தைப் பின்னால் தள்ளிவிட்டு விலகிப்போனது. "இப்பப் பாரு" என்று என் கையைத் தட்டினார். கீழே தரையில், காதில் பெரிய ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒருவர் ஓரமாக வந்து நின்றார். ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கினார். அதில் ஒரு பின், அதிலிருந்து சிவப்பு நாடா காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. முன்சக்கரத்தைப் பைலட்டின் பிடியிலிருந்து விடுவிக்க, தள்ளும்போது சொருகுகிற பின் அது. எடுத்துவிட்டேன், என் கையில் இருக்கிறது பார் என்று பைலட்டுக்குக் காட்டுகிறார். காட்டிவிட்டு மறு கையின் கட்டைவிரலை உயர்த்தினார். அத்தனை பேர் உட்கார்ந்திருந்த அந்த விமானத்தில் அதை யாரும் பார்க்கவில்லை. ஒருவர் செல்போனை அணைத்துக்கொண்டிருந்தார், ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. அப்பா மட்டும் ஜன்னல் கண்ணாடியில் கட்டைவிரலை ஒட்டவைத்து உயர்த்திப் பிடித்திருந்தார். அந்த மனிதருக்கு அது தெரிந்திருக்காது. விமானம் நகர்ந்து திரும்பும்வரை அப்பா விரலை எடுக்கவில்லை. கண்ணாடியில் விரல் பட்ட இடத்தில் ஆவி படிந்திருந்தது.

2021 நவம்பரில் ஒரு விடியற்காலையில் மாரடைப்பில் போய்விட்டார்.

வருஷா வருஷம் தெவசம் செய்கிறோம். எள்ளும் தண்ணீரும் இறைக்கிறோம், வாழைக்காயும் பாகற்காயும் சமைக்கிறோம். அது அவரை என் தாத்தா பாட்டியோடு சேர்த்துவிடுகிறது. ஆனால் அந்த உள்ளங்கை காற்றில் இறங்குகிற விதம் இருக்கிறதே, அதற்கு எங்கே போவது? இரண்டாம் வருஷத் தெவசம் முடிந்த சாயங்காலம் மகனுடைய பள்ளிச் செயல்திட்டத்துக்கு ஒரு தெர்மாகோல் கிளைடர் வெட்டிக்கொண்டிருந்தேன். அதை விரலில் நிறுத்திச் சமன் பார்க்கும்போது, எச்.டி.2 ஒன்று செய்தால் என்ன என்று தோன்றியது. அலமாரியில் வைக்கிற பொம்மையாக வேண்டாம். பறக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் வேண்டுமானால், நாமே ஒட்டிச் செய்துகொள்ள எந்த அளவிலும் கிட் கிடைக்கும். எச்.டி.2-க்கு எங்கே தேடியும் கிடைக்கவில்லை. சரி, நாமே வரைந்துகொள்வோம் என்று 2023 டிசம்பரில் அம்மாவையும் மகனையும் அழைத்துக்கொண்டு பெங்களூரு எச்.ஏ.எல். அருங்காட்சியகத்துக்குப் போனேன். விமானத்தை எதிரில் பார்த்ததும் அம்மா நின்றுவிட்டாள்.

"ஏண்டி, இவ்ளோ சின்னதாவா இருந்துச்சு?"

"அப்படித்தாம்மா இருக்கும். பத்தே முக்கால் மீட்டர்கூட இல்ல."

"ஒங்கப்பா பேசறதைக் கேட்டுக் கேட்டு நான் எவ்ளோ பெருசா நெனச்சுட்டேன்."

பீதர் குவார்ட்டர்ஸில் ஆறு வருஷம் இருந்தவள். விமானங்கள் தூரத்தில் ஏறி இறங்குவதைத்தான் பார்த்திருக்கிறாள். பக்கத்தில் போனதே இல்லை. அன்று அரை மணி நேரம் அந்த மூக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

எச்.டி.2-வின் இறக்கை நீளம் 10.72 மீட்டர், மூக்கிலிருந்து வால்வரை 7.53 மீட்டர். பதினாறில் ஒரு பங்காகக் குறைத்தேன். இறக்கை 67 செ.மீ., உடம்பு 47 செ.மீ. நிஜ விமானம் முழுக்க உலோகம். என்னுடையது பால்சா மரமும் காகிதமும். பால்சா பலகையைக் கையில் வாங்கியபோது, உள்ளே ஒன்றுமே இல்லாத பொட்டலம் வந்துவிட்டதோ என்று நினைத்தேன். நகத்தால் அழுத்தினால் பதிகிறது. பிளேடால் இழுத்தால் வெண்ணெய்போல வெட்டுப்படுகிறது, ஆனால் பிளேடு மழுங்கியிருந்தால் பிய்ந்துவிடுகிறது. நாலைந்து வெட்டுக்கு ஒரு பிளேடு மாற்ற வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு முழுப் பலகை வீணானது.

வேலை இப்படி நடக்கும். படத்தைப் பலகையில் விரித்து அதன்மேல் பாலிதீன் தாள். கோட்டின் மேல் மரத்துண்டுகளைப் படுக்கவைத்து இரு பக்கமும் குண்டூசி குத்தி நகராமல் நிறுத்த வேண்டும். பிறகு இணைகிற இடத்தில் பல்குத்தும் குச்சியால் ஒரு சொட்டு ஃபெவிக்கால். ராத்திரி முழுக்கக் காய விட்டு, காலையில் ஊசிகளைப் பிடுங்கினால் எலும்புக்கூடு தனியே எழுந்துவரும். இறக்கைக்கு உருவம் கொடுக்கிற, விலா எலும்பு போன்ற துண்டுதான் ரிப். ஓர் இறக்கைக்குப் பதினொன்றாக இரண்டு இறக்கைக்கும் 22 ரிப். ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன். நுனிக்குப் போகப் போகச் சின்னதாகும். என்னிடம் இருந்தது கண்ணாடித் தலை வைத்த 40 குண்டூசி. பழைய ஃபிலிம் ரோல் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன்.

ஆபீஸ் விட்டு வந்து, சமையல் முடித்து, ஒன்பது மணிக்கு மேல் உட்காருவேன். வேகமாகச் செய்த ஒவ்வொன்றையும் திரும்பச் செய்தேன். எலும்புக்கூடு முடியவே எட்டு மாதமானது. இதற்கு நடுவில் 2024 அக்டோபர் வந்துவிட்டது. 6-ஆம் தேதி மெரினா சாகசத்துக்காகத் தாம்பரத்திலிருந்து நாள்தோறும் ஒத்திகை. மொட்டைமாடியில் துணி காயப்போட்டிருந்த அம்மா சத்தம் கேட்டதும் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்ப்பாள். விமானங்கள் போன பிறகும் கையை இறக்க மாட்டாள். மகன் ஒருநாள் கேட்டான், "எல்லாம்தான் போயிடுச்சே, இன்னும் எதைப் பார்க்கிற பாட்டி?" அவள், "ஒம்பதும் எறங்கட்டும்டா" என்றாள்.

அந்த வாரம்தான் நான் இறக்கைக்குக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தேன். மெல்லிய ஜப்பானியக் காகிதம், மூச்சு விட்டால் பறக்கும். தண்ணீர் கலந்த ஃபெவிக்காலை ரிப்புகளின் மேல் தடவி, காகிதத்தைப் போர்த்தி, சுருக்கமில்லாமல் இழுத்துவிட வேண்டும். காய்ந்ததும் மேலே தண்ணீரை லேசாகத் தெளித்தால் முதலில் தொளதொளவென்று தொங்கும், பயமாக இருக்கும். பிறகு காயக் காய அதுவே இறுகி, தட்டினால் மிருதங்கத் தோல்போலச் சத்தம் வரும். வலது இறக்கை அவ்வளவு அழகாக வந்திருந்தது. அதன்மேல் வார்னிஷும் பூசி முடித்திருந்தேன்.

ராத்திரி பதினொரு மணி. குண்டூசிகளை டப்பாவில் போட்டபோது பழக்கத்தில் எண்ணினேன். 39.

மேஜைக்கு அடியில் பார்த்தேன். அப்பாவின் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் தரை முழுக்க இழுத்தேன். இரண்டு ஹேர்பின்னும் ஒரு ஸ்க்ரூவும் ஒட்டின. படத்தாளை உதறினேன். கடைசியில் வலது இறக்கையைக் காதருகே வைத்து மெல்லச் சாய்த்தேன். கிணுக் என்று ஒரு சத்தம். மறுபக்கம் சாய்த்தேன். கிணுக்.

மகன் எழுந்து வந்திருந்தான். "ஒரு குண்டூசிதானேம்மா. அதோட வெயிட்டுக்கு ஒண்ணும் ஆகாது, பறக்கும்."

அவன் சொன்னது சரிதான். பறந்திருக்கும். ஆனால் எனக்குக் கை நடுங்கியது. ஏதோ ஒரு விடியற்காலையில், பீதரில், இருபது வயதுப் பையன் ஒருவன் ஏறி உட்காரப்போகிற விமானத்தின் முன்னால் நின்று, கணக்கில் ஒன்று குறைகிறது என்று தெரிந்தும் கையெழுத்துப் போடச் சொன்னால் ஒரு மனிதனுக்கு எப்படி இருந்திருக்கும்? அந்தப் பையனின் பெயர் அப்பாவுக்குத் தெரிந்திருக்கக்கூடத் தேவையில்லை. அவன் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான். அதற்காக இருபது வருஷம் ஒவ்வொரு நாளும் எண்ணியிருக்கிறார். வீட்டுக்கு வந்த பிறகும் எண்ணாமல் இருக்க முடியவில்லை. செம்பருத்திச் செடிக்கு அடியில் அவர் தேடியது பிளேயரை மட்டும்தானா?

புது பிளேடு எடுத்தேன். எனக்கு முன்பே அம்மா டார்ச்சோடு வந்து நின்றுவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை, சரியான இடத்தில் வெளிச்சத்தைப் பிடித்தாள். நாலாவது ரிப்புக்கும் ஐந்தாவது ரிப்புக்கும் நடுவில் காகிதத்தைக் கீறினேன். நீலத் தலை வைத்த ஊசி, இறக்கையின் நீளத்துக்கு ஓடும் ஸ்பார் குச்சிக்கு ஒட்டினாற்போல் கிடந்தது. எடுத்து டப்பாவில் போட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். 40. கீறிய இடத்தில் ஒட்டுப் போட்ட தழும்பு இன்னும் தெரிகிறது. அதை மறைக்கவில்லை.

நிறம் என்ன என்பதில் குழப்பம் இருந்தது, அப்பா வைத்திருந்த படம் கறுப்பு வெள்ளை. அம்மா சட்டென்று சொன்னாள், "வெள்ளி. நடுவுல மஞ்சப் பட்டை." அப்படியே பூசினேன்.

உந்து சக்திக்கு ரப்பர். இதை விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிட வேண்டாம். அல்ஃபோன்ஸ் பேனோ என்ற பிரெஞ்சுக்காரர் 1871-ல் பாரிஸ் தோட்டம் ஒன்றில் முறுக்கிய ரப்பரால் ஒரு சின்ன விமானத்தைப் பறக்கவிட்டுக் காட்டினார். வால் சரியாக அமைந்தால் விமானம் தானே நிலைகொள்ளும் என்று அவர் காட்டியதை இன்றும் எல்லோரும் பின்பற்றுகிறார்கள். 1878-ல் அமெரிக்காவில் மில்டன் ரைட் என்ற பாதிரியார், பேனோவின் யோசனையில் மூங்கிலும் தக்கையும் காகிதமும் வைத்துச் செய்த ரப்பர் ஹெலிகாப்டர் பொம்மை ஒன்றைத் தன் சின்ன மகன்களுக்கு வாங்கிவந்தார். வில்பருக்குப் பதினொன்று, ஆர்வில்லுக்கு ஏழு. அது உடைந்ததும் பிள்ளைகள் தாங்களே ஒன்று செய்துகொண்டார்கள். 1910-ல், 81 வயதில், அந்த அப்பாவை ஆர்வில் தன் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனார். கிழவர் பயப்படவில்லை, இன்னும் மேலே போ ஆர்வில் என்றாராம். இதைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

ரப்பர் நாடா முறுக்கும்போது ஒன்றோடொன்று உராய்ந்து அறுந்துவிடாமல் இருக்க விளக்கெண்ணெய் தடவ வேண்டும். வீடு முழுக்க அந்த வாசனை.

எல்லாம் சேர்த்துப் பார்த்தால் வால் கனத்தது. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து மூன்று செ.மீ. பின்னால் இரண்டு பக்கமும் விரல் வைத்துத் தூக்கினால் சமமாக நிற்க வேண்டும். என்னுடையது வாலைத் தொங்கப்போட்டது. மூக்கில் எடை சேர்க்க வேண்டும். களிமண் வைக்கலாம் என்றிருந்தேன். அம்மா உள்ளே போய்ப் பித்ரி டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஏழாவது ஸ்பிளிட் பின்னில் விமானம் விரல் நுனியில் அசையாமல் நின்றது.

சேலையூரில் பறக்கவிடும் பேச்சே கிடையாது. விமானத்தளத்தை வைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் எதையும் மேலே விடக் கூடாது, அப்பா இருந்தால் முதலில் அதைத்தான் சொல்வார். 2025 மே மாதம் ஊருக்குப் போனோம். ஏரி வற்றி, வெடித்த சேற்றின் மேல் புல் முளைத்திருந்தது. மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று வந்துவிடும், அதனால் காலை ஆறு மணிக்கே இறங்கிவிட்டோம்.

மகன் ஒரு நாற்பது பக்க நோட்டு கொண்டுவந்திருந்தான். அட்டையில் ஃபார்ம் 700 என்று எழுதியிருந்தான். நான் சொல்லவில்லை. தாத்தா அவனுக்கும் சொல்லியிருக்கிறார். இறக்கை ரப்பர், வால், ப்ரொப்பெல்லர், சக்கரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். பார்த்துப் பார்த்துச் சொன்னேன். கையெழுத்து வாங்கிக்கொண்டான்.

ரப்பரை முறுக்காமல் கையால் விட்டுப் பார்த்தபோது முதல்முறை மூக்கைத் தூக்கி, திணறி, பொத்தென்று விழுந்தது. வாலுக்கு அடியில் ஒரு மெல்லிய சீவல் வைத்தேன். இரண்டாவது, நேராகக் குத்தியது. சீவலில் பாதியை எடுத்தேன். ஐந்தாவது முறை, தோள் உயரத்திலிருந்து விட்டது வழுக்கிக்கொண்டே போய் முப்பதடி தள்ளிப் புல்லில் உட்கார்ந்தது.

பிறகு ரப்பருக்கு முறுக்கு ஏற்றினேன். விமானத்தை மகன் பிடித்துக்கொள்ள, ப்ரொப்பெல்லரை விரலால் அல்ல, வலது உள்ளங்கையால்தான் சுற்றினேன். நூறு, நூற்றைம்பது, இருநூறு. ரப்பர் முடிச்சு முடிச்சாகத் திரண்டு இறுகுவது உள்ளங்கைக்குத் தெரிந்தது. இருநூற்று ஐம்பதில் நிறுத்தினேன். கண் பாதி மூடியிருந்தது என்று அம்மா அப்புறம் சொன்னாள்.

விட்டேன். பத்தடி தாழ்வாகவே போனது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். பிறகு ஏறத் தொடங்கியது. பனைமரத்தில் பாதி உயரம் ஏறி, இடப்பக்கம் சாய்ந்து, அப்பா மாடு மேய்த்த கரையை ஒட்டிப் பெரிய வட்டம் போட்டது. வெயில் பட்டபோது காகிதத்துக்குள் இருந்த ரிப்புகள் எல்லாம் தெரிந்தன. ப்ரொப்பெல்லர் நின்ற பிறகு சத்தமே இல்லை. மகன் கத்திக்கொண்டு ஓடினான். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். இறங்கட்டும், இறங்கட்டும் என்று வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. 31 விநாடி. வேலிக்காத்தான் புதருக்கு ஒரு முழம் முன்னால் தரையைத் தொட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். இடது இறக்கை நுனியில் காகிதம் ஒரு விரல் நீளம் கிழிந்திருந்தது. அங்கேயே கரையில் உட்கார்ந்து ஒட்டுப் போட்டேன். மகன் நோட்டை நீட்டினான். "இடது இறக்கை, கடைசி ரிப் அருகே காகிதம் கிழிந்தது. ஒட்டப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுத்தேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "ஒங்கப்பா நேரமும் போடுவாரு" என்றாள்.

நோட்டைத் திரும்ப வாங்கி, தேதிக்குப் பக்கத்தில் 6.50 என்று எழுதினேன்.